தொழிலரங்கம்: இங்கே பிறந்து அங்கே வாழும் நிரல்

ஓசூர்ச் சாலை வழியே அடுகோடிக்குள் வருவோர் அனைவரும் அறிந்த வளாகம் அது. நம்மவருள் முதியோர் இன்றும் அதனை ‘மைக்கோ’ என்றே அழைப்பர். 1951 ஆம் ஆண்டில் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்ற பெயரில் தோன்றி, அடுகோடியில் ஸ்பார்க் பிளக்குகளும் டீசல் எஞ்சினுக்குரிய எரிபொருள் பம்புகளும் செய்துவந்த அந்நிறுவனம், 2008 ஆம் ஆண்டில் பாஷ் எனப் பெயர் மாறியது. அதனை நம்பி வளர்ந்த குடும்பங்கள் பல. பி.டி.எம். லேஅவுட்டை ஒட்டி ‘மைக்கோ லேஅவுட்’ என்று ஒரு குடியிருப்பே அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. பம்பு செய்யும் வேலை பின்னர்ப் பிடதிக்குப் பெயர்ந்தது. அடுகோடி வளாகம் புதுப்பிக்கப்பெற்று 2022 ஜூன் 30 அன்று புதுக்கோலத்தில் திறக்கப்பெற்றது. இரும்பைக் கடைந்த இடத்தில் இன்று நிரல் எழுதுகின்றனர்.

இம்மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. பழைய டீசல் பம்பில், எஞ்சினுக்கு எவ்வளவு எரிபொருள் செல்ல வேண்டும் என்பதைச் சுழலும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் தீர்மானித்தன. இன்றைய ‘காமன் ரெயில்’ முறையில் அவ்வேலையைச் செய்வது ஒரு சிறு சில்லு. நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் எஞ்சின் ஒரு சுற்றை முடிக்க எடுக்கும் காலம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கே. அதற்குள் எரிபொருளை எப்போது விடுவது, எவ்வளவு விடுவது, எப்போது நிறுத்துவது என்று கணக்கிட்டுக் கட்டளையிடுகின்றது அச்சில்லு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ்.6 புகைவிதி நடைமுறைக்கு வந்தது. இத்தகைய நுண்ணிய கட்டுப்பாடு இல்லாத புதிய டீசல் வண்டி இனிச் சாலைக்கு வருதல் அரிது. தந்தை லேத்தில் செய்த வேலையின் ஒரு பங்கை மகனோ மகளோ இன்று நிரலாகச் செய்கின்றனர் எனலாம்.

“பிள்ளையை ‘எம்பெடெட்’ வகுப்பில் சேர்க்கலாமா? கட்டணம் மிகுதியாகக் கேட்கின்றார்களே, அதற்கு ஈடாக என்ன கற்பிப்பார்கள்?” என்பது நம் வீடுகளில் அடிக்கடி எழும் வினா. நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தும் குடும்பங்களும் உண்டு. ஆதலின் இத்திங்கள், சில்லுக்குரிய நிரலைக் கட்டி முடிக்கும் முறை யாது, அதில் தவறு நேரும் இடங்கள் யாவை, வீட்டிலேயே கற்கத்தக்கது எது என்பன குறித்துச் சிறிது விரிவாக எழுத முற்பட்டோம். தொழில் அறியாத பெற்றோரும் பொறுமையுடன் படிப்பின், பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அறிந்துகொள்வர்.

சில்லின் சிறுமை

மைக்ரோகண்ட்ரோலர் என்பது ஒரு வேலைக்கென்றே அமர்த்தப்பெற்ற முழுமையான சிறு கணினி. கணக்கிடும் மையம், நிரல் தங்கும் ‘ஃபிளாஷ்’ நினைவகம், தற்காலிகக் கணக்கிற்குரிய ‘ரேம்’ நினைவகம், வெளியுலகோடு பேசும் கால்கள் ஆகிய யாவும் ஒரே சில்லினுள் அடங்கும். துணி துவைக்கும் பொறி, மின்சார மீட்டர், மாவரைக்கும் பொறியின் வேகக் கட்டுப்பாடு, காரின் பிரேக் எனப் பல இடங்களிலும் அது ஓசையின்றி உழைக்கின்றது. அதனுள் நிலையாகப் பதியும் நிரலுக்கே ஃபர்ம்வேர் என்று பெயர்.

மாணவர் பலரும் பயன்படுத்தும் எஸ்.டி.எம்.32 எஃப்103 சி8 என்னும் சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் ஃபிளாஷ் 64 கிலோபைட்டு. ரேம் 20 கிலோபைட்டு. 8 கிகாபைட்டு ரேம் உள்ள ஒரு மடிக்கணினியோடு ஒப்பிட்டால், மடிக்கணினியின் ரேம் நான்கு இலட்சம் மடங்கிற்கு மேல் பெரியது. நாம் எழுதும் சி மொழி நிரலைப் பொறிமொழியாக மாற்றும் கம்பைலரோ பல மெகாபைட்டு இடம் கொள்ளும். அது அச்சில்லினுள் நுழையவே இயலாது. எனவே நிரலைப் பெரிய கணினியில் எழுதி, அங்கேயே சில்லின் மொழிக்கு மாற்றி, முடிந்த பொருளை மட்டும் சில்லில் ஏற்ற வேண்டும். ஒரு பொறியில் இருந்துகொண்டு வேறொரு பொறிக்குரிய மொழியை ஆக்கித் தரும் இக்கருவிக்குக் கிராஸ் கம்பைலர் என்று பெயர்.

ஒரு மண்ணில் பிறந்து மற்றொரு மண்ணில் வேலை பார்க்கும் நமக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. பிறந்த இடத்து வழக்கம் சென்ற இடத்தில் செல்லாத போதுதான் இடர் நேரும். நிரலுக்கும் அஃதே. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். பெங்களூரில் வீட்டுக்கு வீடு சம்ப் உண்டு. சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரை 60 நொடி ஓடவிட்டு நிறுத்த ஒரு மாணவர் நிரல் எழுதுகின்றார் என்க. 60 நொடியை மில்லிநொடியாக்க 60 ஐ 1,000 ஆல் பெருக்கினால் 60,000. மடிக்கணினியில் சி மொழியின் சாதாரண முழு எண் 32 பிட்டு அகலம் உடையது. 60,000 எளிதில் அடங்கும். அர்டுயீனோ ஊனோ பலகையிலுள்ள ஏடிமெகா 328பி சில்லில் அதே முழு எண் 16 பிட்டு மட்டுமே. அதில் 32,767 க்கு மேல் அடங்காது. பெருக்குத்தொகை பெரும்பாலும் கழித்தல் 5,536 ஆக மாறிவிடும். மடிக்கணினியில் சோதித்தபோது செவ்வையாக இருந்த நிரல், மோட்டாரில் பொருத்தியதும் தாறுமாறாக நடக்கும். எண்ணின் அகலத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டு எழுதுவோர்க்கு இத்தொல்லை இல்லை. சி மொழியில் அதற்குரிய பெயர்களும் உள்ளன. நிரல் எங்கே வாழப்போகின்றது என்பதை முதலிலேயே கருதி எழுதுவது இத்தொழிலின் முதற்பாடம்.

கருவியின் பெயரும் குலமும்

கிராஸ் கம்பைலர்களுள் பலரும் கையாளுவது ஜி.சி.சி. ரிச்சர்டு ஸ்டால்மன் 1987 ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். யார் வேண்டுமாயினும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம். உள்ளே எவ்வாறு எழுதப்பெற்றது என்பதையும் பார்க்கலாம். சில்லுக் குலங்கள் பலவற்றிற்கும் தனித்தனி ஜி.சி.சி. கிடைக்கின்றது. நாம் மேலே கூறிய எஸ்.டி.எம்.32 க்கு உரியதன் பெயர் ‘ஆர்ம்-நன்-ஈஏபிஐ-ஜிசிசி’. நீண்ட பெயர்தான். ஆயினும் ஊரும் தந்தை பெயரும் சேர்த்து எழுதும் பழைய வழக்கம்போல அதில் ஒரு பயன் உண்டு. ஆர்ம் குலத்துச் சில்லுக்கு, அடியில் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க அமைப்பு எதுவும் இல்லாத வெறுஞ்சில்லுக்கு என்பதை அப்பெயரே அறிவித்துவிடுகின்றது. ‘ஆர்ம்-லினக்ஸ்’ என்று தொடங்கும் மற்றொரு கம்பைலரும் உண்டு. அது லினக்ஸ் ஓடும் பெரிய பலகைகளுக்கு உரியது. பெயரில் ஆர்ம் இருப்பது கண்டு அதனை நிறுவிவிட்டு, ‘கட்டப்பட்டது, ஆனால் சில்லில் ஓடவில்லை’ என்று இரவெல்லாம் விழித்திருக்கும் மாணவர் பலர்.

குலம் தெரிந்தால் போதாது. எந்த மையம் என்பதையும் சொல்ல வேண்டும். மேற்கூறிய சில்லின் மையம் கார்டெக்ஸ் எம்3. தசமப் புள்ளிக் கணக்கை நேரடியாகச் செய்யும் உறுப்பு அதில் இல்லை. கார்டெக்ஸ் எம்4 இன் சில வகைகளில் அது உண்டு. எம்4 க்குரிய கட்டளையோடு கட்டிய நிரலை எம்3 இல் ஏற்றினால், அக்கணக்கு வரும் முதல் இடத்திலேயே சில்லு செயலற்று நிற்கும். ஆகையால் இத்தகைய விருப்பங்களை அவ்வப்போது கையால் தட்டச்சுச் செய்யாமல், ஒரே கோப்பில் எழுதி, நிரலின் எல்லாப் பகுதிகளும் அதனையே பின்பற்றுமாறு செய்தல் வேண்டும். டூல் ரூமில் டிராயிங் எண்ணும் அதன் திருத்த எண்ணும் ஒத்திருந்தாலன்றி வேலையைத் தொடமாட்டார்கள். இங்கும் அந்த ஒழுக்கமே வேண்டும்.

நினைவகத்தின் பட்டா

கம்பைலர் தனித்தனிக் கோப்புகளைப் பொறிமொழியாக்கித் தரும். அவற்றை ஒன்றுசேர்த்து, எது எந்த முகவரியில் அமர வேண்டும் என்று இடம் ஒதுக்குவது லிங்கர். மடிக்கணினியில் இவ்வேலையை இயக்க அமைப்பு பின்னின்று எளிதாக்குகின்றது. சில்லில் அப்படி எவரும் இல்லை. நாமே ‘லிங்கர் ஸ்கிரிப்ட்’ என்னும் ஒரு சிறு கோப்பில் நிலத்தின் பட்டாவைப்போல எல்லைகளை எழுதித் தர வேண்டும். நமது சில்லில் ஃபிளாஷ் பதினாறன்முறை எண்ணில் 08000000 என்ற முகவரியில் தொடங்கும். நீளம் 64 கிலோபைட்டு. ரேம் 20000000 என்ற முகவரியில் தொடங்கும். நீளம் 20 கிலோபைட்டு. பட்டாவில் 128 கிலோபைட்டு என்று தவறாக எழுதினால் லிங்கர் ஐயமின்றி நம்பிவிடும். இல்லாத நிலத்தில் வீடு கட்டிய கதையாக முடியும்.

சில்லு விழித்தெழுந்தவுடன் என்ன செய்கின்றது என்பதையும் அறிந்திருத்தல் நலம். கார்டெக்ஸ் எம் வகைச் சில்லு, தொடக்க முகவரியின் முதல் நான்கு பைட்டுகளை எடுத்து, ரேமில் தன் கணக்கடுக்கு எங்கே தொடங்குகின்றது என்று அறிந்துகொள்ளும். அடுத்த நான்கு பைட்டுகளில், முதலில் எந்த வேலைக்குச் செல்ல வேண்டும் என்ற முகவரியைக் காணும். பிறகு வருவன குறுக்கீடுகளுக்குரிய முகவரிகள். இவ்வட்டவணைக்கு ‘வெக்டர் டேபிள்’ என்று பெயர். முதலில் செல்லும் அந்த வேலை, தொடக்க மதிப்புள்ள மாறிகளை ஃபிளாஷிலிருந்து ரேமுக்குப் படியெடுக்கும். மதிப்புத் தரப்பெறாத பொது மாறிகளைச் சுழியமாக்கும். அதன் பின்னரே நாம் எழுதிய முதன்மை நிரலை அழைக்கும். இந்த ஆயத்தம் விடுபட்டால், ‘நான் 10 என்று எழுதியிருக்கிறேன், சில்லு வேறெதையோ காட்டுகிறதே’ என்று திகைக்க நேரும்.

இங்கே மற்றொரு நுட்பமும் கருதத்தக்கது. இடத்தை மிச்சப்படுத்த, எவராலும் அழைக்கப்பெறாத பகுதிகளை நீக்கிவிடும்படி லிங்கருக்குச் சொல்வது வழக்கம். ஆனால் வெக்டர் டேபிளை எந்த நிரலும் அழைப்பதில்லை. சில்லு மட்டுமே அதனைப் படிக்கின்றது. ‘பயனற்றது’ என்று கருதி லிங்கர் அதனையும் நீக்கிவிடக்கூடும். கட்டும் வேலை ஒரு குறையுமின்றி முடிந்தது என்றே திரை காட்டும். பலகையிலுள்ள விளக்கு மட்டும் எரியாது. லிங்கர் ஸ்கிரிப்டில் ‘கீப்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து அவ்வட்டவணையைக் காக்க வேண்டும். ஒரு சொல் விடுபட்டமையால் ஒரு வாரம் வீணாகும் தொழில் இது.

கட்டி முடித்தபின் ‘சைஸ்’ என்னும் கருவியால் அளந்து பார்த்தல் நல்ல பழக்கம். நிரலும் தொடக்க மதிப்புகளும் சேர்ந்து ஃபிளாஷில் இடம் கொள்ளும். எல்லா மாறிகளும் ரேமில் இடம் கொள்ளும். கணக்கடுக்குக்கும் அதே ரேமில் இடம் விட்டுவைத்தல் வேண்டும். மாதச் செலவை எழுதிவைக்கும் இல்லத்தரசிபோல் ஒவ்வொரு முறையும் இவ்வளவைக் குறித்துவைப்போர்க்கு, எந்த மாற்றத்தால் செலவு கூடியது என்பது உடனே புலனாகும்.

ஃபெல்ட்மன் கண்ட வழி

நிரல் நூறு கோப்புகளாகப் பெருகும்போது ஒவ்வொன்றையும் கையால் கட்டுவது இயலாது. 1976 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பார் இதற்கு ‘மேக்’ என்னும் கருவியை ஆக்கினார். அவருடைய தோழர் ஒருவர், தவறு நீக்கி முடித்த நிரலில் இல்லாத தவற்றை ஒரு காலைப்பொழுதெல்லாம் தேடினாராம். திருத்திய கோப்பு மீண்டும் கம்பைல் செய்யப்பெறாமல் பழைய வடிவே ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். இனி அப்படி நேரலாகாது என்றே மேக் பிறந்தது. எந்தப் பொருள் எதனைச் சார்ந்தது என்று எழுதிவைத்தால் போதும். மூலக்கோப்பு புதியதாகவும் கட்டிய பொருள் பழையதாகவும் இருப்பின், அதை மட்டும் மேக் மீண்டும் கட்டும். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகியும் அது வழக்கொழியவில்லை. 2003 ஆம் ஆண்டில் கணினியியலார் சங்கமாகிய ஏ.சி.எம். அவர்க்கு மென்பொருள் விருது வழங்கிச் சிறப்பித்தது.

மேக்கிலும் ஒரு பள்ளம் உண்டு. பல கோப்புகளுக்கும் பொதுவான ‘ஹெடர்’ கோப்பை மாற்றும்போது, அதனைச் சார்ந்த அனைத்தும் மீண்டும் கட்டப்பெற வேண்டும். அச்சார்பை எழுதாமல் விட்டால் பாதிப் பகுதி புதிய வடிவிலும் பாதிப் பகுதி பழைய வடிவிலும் ஒட்டப்பெறும். ஒரு பகுதி வெப்பநிலை என்று எழுதிய இடத்தை மற்றொரு பகுதி வேகம் என்று படிக்கும். இச்சார்புகளைக் கம்பைலரே எழுதித் தருமாறு கேட்கலாம், ஜி.சி.சி.யில் அவ்வசதி நெடுநாளாக உள்ளது. கேட்காதவர் பலர் என்பதே வருத்தம்.

பெரிய வேலைகளில் ‘சீமேக்’ என்னும் கருவியைக் கையாளுகின்றனர். அது எவ்வாறு கட்ட வேண்டும் என்ற திட்டத்தை எழுதித் தரும். மேக்கோ ‘நிஞ்சா’ என்னும் கருவியோ அதன்படி கட்டும். கிராஸ் கம்பைலர் பற்றிய செய்திகளை ‘டூல்செயின்’ கோப்பு என்னும் தனிக் கோப்பில் வைப்பர். ‘இலக்குப் பொறியில் இயக்க அமைப்பு இல்லை’ என்பதை அக்கோப்பில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மேலும், சீமேக் தன் வழக்கப்படி ஒரு முழு நிரலைச் சோதனைக்காகக் கட்டிப் பார்த்து, அது தோற்றால் கம்பைலரே பழுது என்று அறிவித்துவிடும். அதனை முழு நிரலாகக் கட்டாமல் நூலகப் பொருளாக மட்டும் கட்டிச் சோதிக்குமாறு சொல்லவும் வழியுண்டு.

இறுதியில் நிரலைச் சில்லில் ஏற்ற வேண்டும். ‘ஓப்பன் ஓ.சி.டி.’ என்னும் இலவசக் கருவி இதற்கு உதவும். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்துக் கல்லூரியில் டொமினிக் ராத் என்ற மாணவர் தம் பட்டயப் படிப்பின் ஆய்வு வேலையாக 2005 ஆம் ஆண்டில் தொடங்கியது அது. மாணவர் ஒருவரின் பாடவேலை உலகெங்கும் பயன்படும் கருவியாயிற்று என்பதை நம் பிள்ளைகள் கருத வேண்டும்.

எந்தக் கணினியிலும் ஒரே விளைவு

இனி, இக்கட்டுரையின் உயிரான செய்திக்கு வருவோம். ஒரு மாணவர் தம் மடிக்கணினியில் ஒரு பொத்தானை அழுத்த, நிரல் கட்டப்பெற்று விளக்கு எரிகின்றது. அதே கோப்புகளைத் தோழியிடம் கொடுத்தால் அவருடைய கணினியில் கட்ட முடியவில்லை. ஓராண்டு கழிந்து மடிக்கணினி பழுதானால் அவராலேயே கட்ட முடிவதில்லை. அந்தப் பொத்தானுக்குள் எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, எந்த விருப்பங்கள் இருந்தன என்பது அவருக்கே தெரியாது. வேலை முடிந்தது என்று கருதியது உண்மையில் முடியவே இல்லை.

வண்டித் தொழிலில் இதன் விளைவு பெரிது. ஒரு கார் பத்து, பதினைந்து ஆண்டு ஓடும். அதன் பிரேக் நிரலில் எட்டாம் ஆண்டில் ஒரு குறை வெளிப்பட்டால், அன்று கட்டிய அதே நிரலை முதலில் மாற்றமின்றி மீண்டும் கட்டிக் காட்ட வேண்டும். பிறகு குறையை மட்டும் திருத்தி, வேறெதுவும் மாறவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டும். எழுதியவர் அதற்குள் வேறு நிறுவனம் சென்றிருப்பார். அவர் கணினி எந்தக் குப்பையில் கிடக்கின்றதோ! சாலை வண்டிகளின் மின்னணுப் பாதுகாப்புக்கென 2011 இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 26262 என்னும் உலகத் தரவிதி, நிரலை மட்டுமன்றி அதனைக் கட்டும் கருவிகளின் நம்பகத்தையும் ஆராயுமாறு கூறுகின்றது. அந்த வண்டியில் செல்பவர் நம் பிள்ளைகளாகவும் இருக்கலாம் அன்றோ?

ஒரே மூலத்திலிருந்து, எவர் கட்டினும், எங்குக் கட்டினும், ஒரு பைட்டும் மாறாத விளைவு வருதல் வேண்டும். அதற்குச் செய்ய வேண்டுவன சில. முதலாவது, கம்பைலரின் பதிப்பு எண்ணை எழுதிவைத்து, கட்டத் தொடங்குமுன் அப்பதிப்புத்தானா என்று கட்டும் முறையே சரிபார்க்குமாறு செய்தல். இரண்டாவது, நிரலினுள் கட்டிய நாளையும் நேரத்தையும் தானாகப் பதிக்கும் வழக்கத்தை விடுதல். அது இருப்பின் ஒவ்வொரு முறையும் விளைவு மாறும். அதற்கு மாற்றாக, ‘கிட்’ என்னும் பதிப்புக் காப்பகம் தரும் அடையாள எண்ணைப் பதிக்கலாம். மூன்றாவது, கட்டியவரின் கணினியிலுள்ள கோப்புறைப் பெயர்கள் விளைவினுள் நுழையாதபடி காத்தல். நான்காவது, கருவிகள் அனைத்தையும் ‘டாக்கர்’ போன்ற ஒரு பெட்டகத்தினுள் வைத்துவிடுதல். புதிய கணினியிலும் அப்பெட்டகத்தை இறக்கிக் கட்டலாம். ஐந்தாவது, முடிந்த கோப்பின் ‘எஸ்.எச்.ஏ.256’ சுருக்கக் குறியைக் குறித்துவைத்தல். இரு கணினியில் கட்டியவற்றின் குறி ஒன்றாயின், இரண்டும் ஒன்றே எனத் துணியலாம். தொழிற்சாலையில் கேஜ் வைத்துப் பார்த்து ‘செல்லும், செல்லாது’ எனத் தீர்ப்பது போன்றதே இதுவும்.

நம் நாட்டுச் சில்லு

ஆர்ம் குலம் மட்டுமே உலகமன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி முதலானோர் ‘சக்தி’ என்னும் சில்லுத் திட்டத்தை நடத்தி வருகின்றனர். கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் 2010 இல் தொடங்கிய ‘ரிஸ்க் ஃபைவ்’ என்னும் திறந்த கட்டளைத்தொகுதியை அது பின்பற்றுகின்றது. 2018 இல் சக்திச் சில்லில் லினக்ஸ் ஓடியது. அதன் ‘ஈ’ வகுப்பு, நாம் பேசிய சிறு வேலைகளுக்கு ஏற்றது. திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனமும் அதே கட்டளைத்தொகுதியில் ‘வேகா’ வரிசையை ஆக்கியுள்ளது.

மேலே கூறிய முறையை உள்ளபடி கற்றவர்க்கு இவை அந்நியமாகா. கம்பைலரின் பெயர் ‘ரிஸ்க்வி’ என்று தொடங்கும். பட்டாவின் முகவரிகள் மாறும். விழித்தெழும் முறை சிறிது வேறுபடும். சார்பு எழுதுதல், பதிப்பைப் பூட்டுதல், அளந்து பார்த்தல் ஆகியவை அப்படியே நிற்கும். பொத்தானை மட்டும் அறிந்தவரோ, சில்லு மாறியதும் மீண்டும் முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

பெற்றோர் கேட்க வேண்டுவன

இவ்வளவும் கற்க விலையுயர்ந்த பொருள் வேண்டுவதில்லை. எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கற்கத்தக்க பலகைகள் கிடைக்கின்றன. 2021 இல் நான்கு டாலர் விலையில் அறிமுகமான ராஸ்பெரி பை பிக்கோவும் ஏற்றதே. 264 கிலோபைட்டு ரேம் கொண்டது. மிக மலிந்த எஸ்.டி.எம்.32 பலகைகளில் போலிச் சில்லுகளும் உலவுகின்றன. பார்த்து வாங்குதல் வேண்டும். கம்பைலர், மேக், சீமேக், ஓப்பன் ஓ.சி.டி. ஆகிய யாவும் விலையற்றவை. பழைய மடிக்கணினியே போதுமானது.

ஆதலின், கட்டணம் செலுத்துமுன் பயிற்சிக்கூடத்தாரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். லிங்கர் ஸ்கிரிப்டையும் தொடக்க நிரலையும் மாணவர் தம் கையால் எழுதுவார்களா? கட்டும் வேலை முழுவதையும் பொத்தானின்றி ஒரே கட்டளையில் நடத்தக் கற்பிப்பீர்களா? படிப்பின் முடிவில் என் பிள்ளை செய்த வேலையை மற்றொருவர் கணினியில் கட்டிக் காட்டுவீர்களா? மூன்றுக்கும் நேரான விடை வராவிடின், பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். விடை வருமாயின், அக்கல்வி விலை பெறும்.

பிள்ளைகளிடம் கூறுவதும் ஒன்றுண்டு. ஒரு சிறு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சம்ப்பில் நீர் எவ்வளவு உள்ளது என்று காட்டும் கருவி போதும். அதற்குரிய கோப்புகளை வேறொரு தெருவிலுள்ள தோழரிடம் கொடுங்கள். உடனிருந்து வாயால் எதுவும் சொல்லாதீர்கள். எழுதிவைத்ததை மட்டும் கொண்டு அவர் கட்டட்டும். அவர் கணினியில் வரும் சுருக்கக் குறியும் உங்களுடையதும் ஒன்றாக இருப்பின், அந்த நாளை உங்கள் தொழிலின் முதல் நாளாகக் கொள்ளலாம். வேறுபட்டால், எங்கே வேறுபட்டது என்று இருவரும் அமர்ந்து தேடுங்கள். அத்தேடலில் கிடைக்கும் அறிவு, எந்த வகுப்பின் கட்டணத்திற்கும் குறைந்ததன்று.

வீட்டில் மைக்கோவிலோ, ஐ.டி.ஐ.யிலோ, எச்.எம்.டி.யிலோ உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் இருப்பின், இந்த முயற்சியை அவரிடம் கூறுங்கள். நிரல் மொழி அவர்க்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் செய்த வேலையை மற்றொருவர் அளந்து பார்த்து ஒப்புக்கொள்ளும்படி செய்வது எப்படி என்பதை அவர் பல ஆண்டு செய்து காட்டியவர். அவருடைய கேள்விகள் உங்களுக்குப் பயன்படும்.